இருபது மைக்ரான் சுவர், அரை மில்லிவிநாடி சூடு

ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) லேபில் வளரும் மூன்றாம் நாள் கருவை நுண்ணோக்கித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது செல்கள். ஏழோ எட்டோ உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். அவற்றைச் சுற்றி ஒளிரும் வளையம் ஒன்று இருக்கும். அதுதான் ஜோனா பெலூசிடா, கருவின் வெளி ஓடு. தடிமன் சுமார் 15 முதல் 20 மைக்ரான், அதாவது தலைமுடியின் குறுக்களவில் நான்கில் ஒரு பங்கு. லேபில் எல்லோரும் சுருக்கமாக 'ஜோனா' என்றுதான் சொல்வார்கள். வளையத்துக்கும் செல்லுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும். சில இடங்களில் அது பத்து மைக்ரான் இருக்கும், சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. கரு வெளியே வர வசதியாக லேசரால் ஜோனாவில் வாசல் திறப்பதை லேசர் ஹேட்சிங் என்பார்கள். அது நல்லபடியாக முடிவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியைப் பொறுத்தது.

லேசர் என்றதும் கத்திபோல வெட்டும் கருவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிகிச்சைக்கு வரும் தம்பதிகளுக்குக் காட்டும் அனிமேஷன் படங்களிலும் சிவப்புக் கோடு ஒன்று ஜோனாவைக் கீறிவிட்டுப் போகும். உள்ளே நடப்பது வேறு. ஜோனா சூட்டில் கரைகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பல்ஸ் (லேசர் ஒருமுறை எரியும் துடிப்பு) எவ்வளவு நேரம், எந்த இடம், எத்தனை முறை, எந்த நாள் என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்திலிருந்து பதில் வந்துவிடும்.

கரு தானாக எப்படி வெளியே வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஐந்தாம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் ஆகும்போது வெளிப்புற செல்கள் சோடியத்தை உள்நோக்கிப் பம்ப் செய்யும், தண்ணீர் அதன் பின்னாலேயே போகும், நடுவில் குழி நிரம்பும். கரு பலூன் மாதிரி விரியும், கொஞ்சம் சுருங்கும், மறுபடி விரியும். ஜோனா இழுபட்டு மெலிந்துகொண்டே வரும். கூடவே செல்கள் சுரக்கும் புரதச் சிதைப்பு நொதிகள் அதை உள்ளிருந்து இளக வைக்கும். ஆறாம் நாள் வாக்கில் ஓரிடத்தில் கிழிந்து, கரு பிதுங்கி வெளியே வரும். இதெல்லாம் லேபின் வளர்ப்பு டிஷ்ஷில் நாம் காண்பது. எலியின் கருப்பையில் பார்த்தவர்கள், அங்கே சுரக்கும் நொதிகளும் சேர்ந்து ஜோனாவை மொத்தமாகக் கரைப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே டிஷ்ஷில் திணறும் கரு கருப்பையிலும் திணறத்தான் செய்யும் என்று அடித்துச் சொல்ல முடியாது. 'ஓடு தடிமனாக இருக்கிறது, அதனால்தான் கருப்பையில் ஒட்டவில்லை' என்று கேட்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

ஜோனா கெட்டிப்படுவது என்னவோ உண்மைதான். விந்தணு நுழைந்ததும் முட்டையின் விளிம்பிலுள்ள சிறு பைகள் வெடித்து, உள்ளிருக்கும் நொதி ஜோனாவின் இரண்டாம் புரதத்தை வெட்டிவிடும். இரண்டாவது விந்தணு உள்ளே வராமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. லேபில் நீண்ட நாள் வளர்ப்பதாலும் உறைய வைத்து எடுப்பதாலும் இந்தக் கெட்டித்தனம் கூடலாம் என்பதுதான் ஹேட்சிங் செய்வதற்கான பழைய நியாயம்.

அந்த நியாயம் பிறந்தது 1990-ஐ ஒட்டி. விந்தணு நுழைய வசதியாக ஜோனாவில் கண்ணாடி ஊசியால் கீறல் போட்ட கருக்கள் கூடுதலாக ஒட்டுவதை எம்ப்ரியாலஜிஸ்ட் (கருவியலாளர்) ஜாக் கோஹனும் அவருடைய குழுவினரும் கவனித்தார்கள். பிறகு பிஎச் 2.5-ஐ ஒட்டிய அமில டைரோட் கரைசலை நுண்பிப்பெட்டால் ஊதி ஓட்டை போட்டார்கள். அமிலம் உள்ளே கசிந்தால் பக்கத்து செல் செத்துவிடும், ஓட்டையின் அளவும் கைப்பழக்கத்தைப் பொறுத்து மாறும். அதனால் லேசரைத் தேடினார்கள். புறஊதா லேசர்கள் துல்லியமாகத்தான் வெட்டின. ஆனால் டிஎன்ஏ 260 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சும் பொருள், கருவுக்குப் பக்கத்தில் அந்த ஒளியைக் கொண்டுபோக யாருக்கும் துணிச்சல் வரவில்லை. 2.94 மைக்ரான் எர்பியம் யாக் லேசருக்கு நுனியை ஜோனாவில் தொட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது. 1990-களின் நடுவில் 1480 நானோமீட்டர் டயோடு லேசர் வந்தது. நுண்ணோக்கியின் லென்ஸ் வழியாகவே, எதையும் தொடாமல், டிஷ்ஷின் அடியிலிருந்து சுடலாம். இன்றைக்கு ஏறக்குறைய எல்லா ஐவிஎஃப் லேபிலும் இருப்பது இதன் வாரிசுகள்தான்.

சூடு எவ்வளவு தூரம் போகும்

1480 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை டிஎன்ஏ நேரடியாக உறிஞ்சுவதில்லை, தண்ணீர் உறிஞ்சுகிறது. கற்றை குவியும் சில மைக்ரான் அகலத்தில் தண்ணீரின் வெப்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் 100 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஜோனாவின் புரத வலை அவிழ்ந்து கரைந்துபோகும். பல்ஸ் நின்றதும் சில மில்லிவிநாடியில் எல்லாம் ஆறிவிடும். ஆறுவதற்குள் சூடு எவ்வளவு தூரம் பரவியது என்பதுதான் கேள்வி.

இதைக் கையாலேயே கணக்குப் போடலாம். தண்ணீரில் வெப்பம் பரவும் வேகம் ஒரு மில்லிவிநாடிக்கு ஏறத்தாழ 150 சதுர மைக்ரான். பல்ஸ் நேரத்தால் அதைப் பெருக்கி, நான்கால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் பரவும் தூரத்துக்கு ஒரு தோராய அளவு கிடைக்கும். அரை மில்லிவிநாடி பல்ஸுக்கு 17 மைக்ரான் வரும். அதாவது சூடு ஜோனாவின் தடிமன் அளவோடு நிற்கிறது. ஐந்து மில்லிவிநாடிக்கு 55 மைக்ரான், பக்கத்து செல்லுக்குள் நன்றாகவே போய்விடும். ஆரம்ப காலத்தில் வழக்கமாக இருந்த பத்து, இருபது மில்லிவிநாடி பல்ஸுகளுக்கு முறையே 77, 110 மைக்ரான் வரும். கருவின் மொத்தக் குறுக்களவே ஜோனாவோடு சேர்த்து 150 மைக்ரான் சொச்சம்தான். தூரம் போகப்போகச் சூடு நீர்த்துப்போகும், கொதிநிலை அந்தக் கோடி வரை போவதில்லை. இருந்தாலும் எத்தனை செல்கள் சூட்டை உணர்கின்றன என்பதை இந்தக் கணக்கு மறைக்காமல் காட்டிவிடும்.

2001-ல் டக்ளஸ் ஹாமில்டனும் கோனியாவும் இந்த வெப்பக் கணக்கை விரிவாக வெளியிட்டார்கள். சுமார் 100 மில்லிவாட் சக்தியில் ஐந்து மில்லிவிநாடிக்கு மேல் போகாதீர்கள் என்பது அவர்கள் தந்த வரம்பு. அதற்குப் பிறகு வந்த கருவிகள் சக்தியை 300 மில்லிவாட், அதற்கும் மேல் என்று ஏற்றி, நேரத்தை ஒரு மில்லிவிநாடிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. சக்தியை ஏற்றுவது ஆபத்தல்லவா என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள். 100 மில்லிவாட் ஐந்து மில்லிவிநாடி எரிந்தால் 0.5 மில்லிஜூல், 300 மில்லிவாட் அரை மில்லிவிநாடி எரிந்தால் 0.15 மில்லிஜூல். சூடு நாலாபக்கமும் ஓடி வீணாவதற்குள் வேலை முடிந்துவிடுவதால் மொத்த ஆற்றலே குறைகிறது. சக்தியைக் குறைத்து நேரத்தை நீட்டுவதைப் 'பதமான' அமைப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கருவுக்கு அதுதான் கடுமை.

மென்பொருள் திரையில் குறிவட்டத்தைச் சுற்றி வண்ண வளையங்களைக் காட்டும். ஒவ்வொரு வளையமும் அந்தத் தூரத்தில் எட்டும் உச்ச வெப்பத்தைக் குறிக்கும். நல்ல வசதிதான், ஆனால் அது ஒரு பல்ஸுக்கான கணக்கு. ஒரே புள்ளியில் படபடவென்று தொடர்ந்து சுட்டால் முந்தைய சூடு ஆறும் முன்பே அடுத்தது ஏறும். ஒவ்வொரு சுடலுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டுத் திரையைப் பார்ப்பது போதும். அந்த இடைவெளியில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மேசையில்

அன்றைய முதல் கருவுக்கு முன்பு குறியைச் சரிபார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் 1480 நானோமீட்டரும் ஒரே தளத்தில் குவிவதில்லை, அதனால் சிவப்பு வழிகாட்டிப் புள்ளியை மட்டும் நம்பக் கூடாது. வேலைக்கு எடுக்கும் அதே ரக டிஷ்ஷின் உட்புறத்தில் மார்க்கர் மையால் மெல்லிய தீற்றல் போட்டு, காயவிட்டு, அதில் சுட்டுப் பார்க்க வேண்டும். மை எரிந்த புள்ளி குறிவட்டத்தின் நடுவில் விழ வேண்டும், விளிம்பு கூராக இருக்க வேண்டும். இரண்டு மைக்ரான் விலகினாலும் திருத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி அடி டிஷ்ஷில் சரிபார்த்துவிட்டு பிளாஸ்டிக் டிஷ்ஷில் சுடுவது பரவலான தவறு. அடித்தட்டின் தடிமன் மாறினால் குவியமும் மாறிப்போகும்.

கருவை, வெளிக்காற்றில் பிஎச் மாறாமல் காக்கும் ஹெப்பஸ் கலந்த ஊடகத் துளியில் வைப்பார்கள். துளி 5 முதல் 10 மைக்ரோலிட்டர், மேலே எண்ணெய், கீழே 37 டிகிரி சூட்டு மேடை. கரு டிஷ்ஷின் தரையை ஒட்டியே இருக்கட்டும். தாங்கும் பிப்பெட்டால் உயரத் தூக்கிப் பிடித்தால் இடையில் தண்ணீர் கூடும், 100 மைக்ரான் தண்ணீரே ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் குடித்துவிடும். 'இன்றைக்கு லேசர் வலுவில்லாமல் இருக்கிறது' என்று பல்ஸ் நேரத்தைக் கூட்டுவதற்கு முன்னால் கருவின் உயரத்தைப் பாருங்கள். இன்குபேட்டருக்கு வெளியே இருக்கும் நேரம் இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

குவியத்தைக் கருவின் நடுக்கோட்டில் நிறுத்த வேண்டும். கற்றை செங்குத்தாக வருகிறது. நடுக்கோட்டு விளிம்பில் ஜோனாவும் சுற்றுச்சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும், ஆகவே ஒளி சுவரோடு போகும், செல்லைத் தொடாது. குவியம் மேலோ கீழோ நகர்ந்திருந்தால் சுவர் சாய்ந்திருக்கும், அதே ஒளி சாய்ந்த சுவரைக் கடந்து செல்லுக்குள் இறங்கும். ஜோனாவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் இரண்டும் கூராகத் தெரிகிற தளமே சரியான தளம்.

இடம் தேர்வதில்தான் அனுபவம் பேசும். பிப்பெட்டால் கருவை மெல்ல உருட்டி, இரண்டு செல்கள் சேரும் இடத்துக்கு வெளியே உள்ள முக்கோண இடைவெளியைத் தேடுங்கள். அங்கேதான் ஜோனாவிலிருந்து செல் மிகத் தள்ளி இருக்கும். செல்களிலிருந்து உதிர்ந்த துணுக்குகள் குவிந்த பக்கம் கிடைத்தால் அதுவும் நல்ல இடமே. வெளிவிளிம்பில் தொடங்கி, ஒவ்வொரு சுடலுக்கும் குறியை உள்நோக்கிச் சில மைக்ரான் நகர்த்தி, இரண்டு முதல் நான்கு சுடலில் சுவரைக் கடக்கலாம். கடைசிச் சுடல்தான் செல்லுக்கு மிக அருகில் விழும். அதற்கு மட்டும் பல்ஸ் நேரத்தைக் குறைத்துக்கொள்வது நல்ல பழக்கம். சுட்ட இடத்தில் குமிழி எழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது, அல்லது குவியத்தில் ஏதோ தூசி இருக்கிறது. நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். பக்கத்து செல்லின் விளிம்பு மங்கி உட்பகுதி கருத்தால் அது போய்விட்டது. அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும், தயங்கக் கூடாது.

ஓட்டையின் அளவில் கஞ்சத்தனமும் தப்பு, தாராளமும் தப்பு. 20 முதல் 40 மைக்ரான் வரை என்பது பலரும் வந்து சேர்ந்த அளவு. பத்து பதினைந்தில் விட்டால் பிளாஸ்டோசிஸ்ட் அதன் வழியே பிதுங்கும்போது இடுப்பில் கயிறு கட்டியதுபோல இறுகி, எட்டு போட்ட வடிவத்தில் பாதி உள்ளே பாதி வெளியே சிக்கிக்கொள்ளும். மிகப் பெரிதாகப் போட்டால் மூன்றாம் நாளில் இன்னும் இறுகச் சேராத செல் ஒன்று வெளியே நழுவலாம். ஓட்டை ஒன்றே ஒன்று போதும். இரண்டு இருந்தால் கரு இரண்டு பக்கமும் பிதுங்கப் பார்க்கும், எதிலும் முழுதாக வெளியே வராது.

முழு ஓட்டை போடாமல் சுற்றளவில் கால்பங்கு நீளத்துக்கு ஜோனாவின் வெளிப்பாதியை மட்டும் மெலிதாக்கும் முறையும் உண்டு. செல்லுக்குச் சூடு குறைவு, செல் நழுவும் பயமில்லை. அதே சமயம் ஜோனாவின் உள்ளடுக்குதான் நெருக்கமானது, வலுவானது. அதைத் தொடாமல் வெளியடுக்கைச் சீவினால் கதவைத் திறக்காமல் வர்ணத்தைச் சுரண்டியது போலத்தான் ஆகும். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் ஒழுங்காக ஒரு வாசல் திறப்பதே மேல் என்பது இந்தப் பதிவின் கட்சி.

உறைய வைத்து எடுத்த பிளாஸ்டோசிஸ்டில் வேலை இன்னும் சுலபம். உருக்கி எடுத்ததும் கரு சுருங்கிக் கிடக்கும், ஒரு பக்கம் ஜோனாவுக்கும் அதற்கும் நடுவே பெரிய வெற்றிடம் தெரியும். மறுபடி விரியத் தொடங்கும் முன், முதல் சில நிமிடங்களில் அங்கே சுட்டால் செல் பக்கத்தில்கூட இருக்காது. தாமதித்தால் கரு விரிந்து அந்த இடம் அடைபட்டுவிடும். விரிந்த பிளாஸ்டோசிஸ்டில் சுட வேண்டி வந்தால் உள்செல் திரளுக்கு எதிர்ப்பக்கம் சுடுவதே வழக்கம். குழந்தையாகப் போகும் செல்கள் அந்தத் திரளில்தான் இருக்கின்றன. மரபணுப் பரிசோதனைக்காக வெளிச்செல்களில் ஐந்து முதல் பத்து வரை எடுக்கும்போதும் இதே லேசர்தான் வாசல் திறக்கிறது. அங்கே அதன் தேவையைப் பற்றி விவாதமே இல்லை, வாசல் இல்லாமல் செல்லை எடுக்க முடியாது.

வளர்ச்சியில் என்ன மாறுகிறது

ஓட்டை போட்ட கரு சீக்கிரம் வெளியே வரும். 1989-லேயே எலிக் கருக்களில் இதைக் காட்டிவிட்டார்கள். ஜோனா மெலியும் வரை காத்திருக்காமல், தடித்த சுவரின் வாசல் வழியே, இயல்பைவிட முன்னதாக வெளியேறுகின்றன. இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. விரிவதற்குச் சக்தி குறைந்த கருவுக்கு இது உதவலாம். மறுபக்கம், ஜோனா என்பது சிறை மட்டுமல்ல. செல்கள் கூடி இறுகும் வரை அவற்றைச் சிதறாமல் ஒன்றாகப் பிடித்திருக்கும் கூடும் அதுதான். மூன்றாம் நாளிலேயே வாசல் திறந்தால், கருப்பைக்குள் மாற்றும்போது கதீட்டர் குழாயில் அழுத்தம் சற்றுக் கூடினாலும் செல் நழுவ வாய்ப்பு உண்டு. எனவே உறிஞ்சுவதும் வெளியேற்றுவதும் மிக மெதுவாக இருக்க வேண்டும். ஓட்டை வழியே நோய் எதிர்ப்பு செல்கள் நுழைந்துவிடும் என்ற பயத்தில் ஆரம்ப காலத்தில் முட்டை எடுத்த நாளிலிருந்து நான்கு நாள் மீத்தைல்பிரட்னிசலோன் 16 மில்லிகிராம் கொடுத்தார்கள். அதனால் பலன் உண்டு என்று உறுதியான சான்று கிடைக்கவில்லை.

இரட்டைக் குழந்தை விஷயத்தைத் தள்ளிவைக்கக் கூடாது. இயற்கையில் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பது ஆயிரம் பிரசவத்துக்கு நான்கு போல. ஐவிஎஃப்பில் அது கூடுதல். குறுகிய வாசலில் எட்டு போட்டு இறுகும் கருவில் உள்செல் திரளே இரண்டாகப் பிரியக்கூடும் என்பது நம்பத்தக்க விளக்கம். பிளாஸ்டோசிஸ்ட் வரை வளர்ப்பதும் இதைக் கூட்டுவதால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையர் தாய்க்கும் சேய்க்கும் பெரிய ஆபத்து. ஓட்டையை 10 மைக்ரானில் விட்டுவிடாதீர்கள் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறதா? 2021-ல், மருத்துவச் சான்றுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் மறு ஆய்வு 39 சோதனைகளையும் 7249 பெண்களையும் சேர்த்துப் பார்த்தது. ஹேட்சிங் இல்லாமல் 100-க்கு 28 பேருக்குக் குழந்தை பிறக்கும் என்று வைத்துக்கொண்டால், ஹேட்சிங் செய்தால் 27-க்கும் 34-க்கும் நடுவே எங்கோ இருக்கும் என்பது அதன் கணக்கு. அதாவது உதவலாம், உதவாமலும் போகலாம். சான்றின் தரமும் தாழ்வு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கருத்தரிப்பு கூடக்கூடும் என்றும் வந்தது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022 வழிகாட்டியில், கருவை உறைய வைக்காமல் மாற்றும் சிகிச்சைச் சுழற்சிகளில் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. வயது 38-ஐத் தாண்டியவர்கள், இரண்டு மூன்று முறை தோற்றவர்கள், உறைகரு மாற்றுபவர்கள் என்று பழைய பட்டியல் ஒன்று உண்டு. அவர்களுக்கும் தீர்மானமான சான்று வந்து சேரவில்லை.

இதைத் தம்பதிகளிடம் இப்படியே சொல்ல வேண்டும். 'ஜோனாவைத் திறந்துவிட்டால் ஒட்டிவிடும்' என்று கேட்கும் பெண், அடுத்த முறை ஒட்டாதபோது தன் உடம்பைத்தான் குற்றம் சொல்வாள். பெரும்பாலும் காரணம் கருவின் குரோமோசோமில் இருக்கும், லேசர் அதைத் தொடுவதேயில்லை. உறைகருவுக்கும், பரிசோதனைக்குச் செல் எடுக்கும் பயாப்சிக்கும் தவிர மற்ற இடங்களில் எல்லோருக்கும் இதைப் போட்டு கட்டணப் பட்டியலில் சேர்ப்பதை ஏற்க முடியாது.

செய்வதென்றால் பதிவேட்டில் ஐந்து விஷயம் வேண்டும்: சக்தி, பல்ஸ் நேரம், சுடல்களின் எண்ணிக்கை, ஓட்டையின் அளவு, கடிகார முள் கணக்கில் அதன் இடம். சுடுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு படம். மூன்றாம் நாளில் ஓட்டை போட்டு, ஐந்தாம் நாள் வரை வளர்த்து உறைய வைத்த கருவை மூன்று வருடம் கழித்து வேறொரு எம்ப்ரியாலஜிஸ்ட் உருக்குவார். சுருங்கிக் கிடக்கும் கருவில் பழைய வாசல் மறுபக்கம் திரும்பியிருந்தால் கண்ணில் படாது. பதிவேட்டில் இல்லையென்றால் அவர் இன்னொன்று போட்டுவிடுவார்.